மாலே நடைச் சுற்று: கடற்கரை தேடுபவர்களுக்கு அல்ல

மாலத்தீவு என்றதும் நீலத் தண்ணீர் மேல் மரவீடுதான் வேண்டும் என்பவர்கள் இதை விட்டுவிடலாம். விமானத்துக்கு அரை நாள் மிச்சமிருந்தால், தலைநகர் மாலேயில் உள்ளூர் இளைஞர்கள் கூட்டிப்போகும் இந்த நடைச் சுற்றில் சேருங்கள்.

கொடுத்த காசு ஹுகுரு மிஸ்கி பள்ளிவாசலுக்கே சரியாகிவிட்டது. 1658-ல் கட்டியது. பவளக் கல்லைத் தச்சுவேலை மாதிரி இழைத்து, சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டியிருக்கிறார்கள். கிட்டப் போனால் சுவர் முழுக்கச் செதுக்கல். சுற்றிலும் பழைய கல்லறைகள். கூர்முனைக் கல் ஆணுக்கு, வளைந்த தலை பெண்ணுக்கு. 1153-ல் நாடு இஸ்லாத்துக்கு மாறியதை அங்கே நின்றே சொன்னார் வழிகாட்டித் தம்பி. அதற்கு முன்பிருந்த பௌத்தத்தையும், 2012-ல் ஒரு கும்பல் அருங்காட்சியகத்தில் புகுந்து சிலைகளை நொறுக்கியதையும் அவர் மழுப்பவில்லை. எனக்கு அது பிடித்தது.

மீன் சந்தையில் சூரை மலைபோல் குவிந்து கிடந்தது. நம் மாசிக் கருவாடு இதை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்ததுதான். பிறகு டீக்கடையில் ரொஷியும் (சப்பாத்தி மாதிரி ரொட்டி) மஸ் ஹுனியும். மஸ் ஹுனி என்றால் சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்தது. இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன்!

குறை: கூட்டம் அதிகம், பின்னால் நின்றால் பாதி காதில் விழாது. குடிக்கத் தண்ணீர் தரவில்லை. தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும்.