பூமியின் மையத்துக்கு: போர்வெல் வழியா, அலை வழியா?

காட்பாடியில் ஒரு கோடையில் ஆயிரம் அடி போர்வெல் போட்டும் புழுதிதான் பறந்தது. சரி, அப்படியே பூமியின் மையம் வரை போய்விட்டால் என்ன என்று தோன்றியது. கற்பனைக்கு இரண்டு வழி: ரிக் வண்டி, இல்லாவிட்டால் நிலநடுக்க அலை.

ரிக்கில் போனால் பாறையைக் கையில் எடுத்தே பார்க்கலாம். வேகம்தான் கிடையாது. சோவியத் ரஷ்யாவின் கோலாவில் 1970-ல் தோண்ட ஆரம்பித்து, 1989-ல்தான் 12,262 மீட்டரை எட்டினார்கள். அடியில் வெப்பம் 180 டிகிரி. வேலூர் வெயிலே தேவலை! மையமோ 6,371 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது.

நிலநடுக்க அலைகளில் முதலில் வந்து சேரும் முதன்மை அலையில் ஏறினால் பத்தே நிமிஷம். மேலோடு சட்டென்று முடிந்துவிடும், அப்புறம் நெடுந்தூரம் மூடகம் என்கிற பாறை அடுக்கு. சுமார் 2,900 கி.மீ.யில் உருகிய இரும்பு தொடங்கும். வினாடிக்கு 13 கி.மீ.க்கு மேல் ஓடிய அலை அங்கே 8 கி.மீ.க்கு இறங்கிவிடும். தவறியும் அதற்கு அடுத்து வரும் குறுக்கலையில் ஏறாதீர்கள். திரவத்துக்குள் அது போகாது, வாசலிலேயே இறக்கிவிட்டுவிடும். இன்னும் உள்ளே, 5,150 கி.மீ.யில், திடமான உட்கரு. டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் 1936-ல் அதைக் கண்டறிந்ததும் அலைகளை வைத்துத்தான்.

என் ஓட்டு அலைக்கே. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் ரிக்.