ஹெல்மெட், ஹேண்டில்பார், சீட்டுக்குப் பின்னால்: ஏற்காடு ஏறும் சைக்கிளுக்கு எந்தக் கேமரா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு அடிவாரத்தில் டீ குடிக்க நிற்கும் சைக்கிள்காரர்களில் ஒருவரிடமாவது இப்போது கேமரா இருக்கிறது. இன்னும் வாங்காதவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எங்கே மாட்டுவது? மலையையும் பனியையும் படம் எடுக்கத்தான் என்றால் எங்கே மாட்டினாலும் சரி. உரசிக்கொண்டு போன வண்டியைப் பற்றி நாளைக்கு நாலு பேர் முன்னால் பேச ஆதாரம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு ஏறுகிறவர் முதலில் வாங்க வேண்டியது பின்பக்கக் கேமரா. தினமும் டவுனுக்குள் ஓட்டுகிறவருக்கு ஹெல்மெட் கேமரா.

மலைப்பாதையை முதலில் பார்ப்போம். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரைத் தொடுகிறது. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நன்றாக மிதிக்கிறவரே இதில் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர்தான் போவார். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருப்பதால் சைக்கிள் கொஞ்சம் வெளியே வந்து திரும்பும். அதே நேரத்தில் பஸ்ஸுக்கோ முழு ரோடும் தேவைப்படும். ஆபத்து எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் வருகிறது. ஹெல்மெட் கேமராவில் அது தெரியவே தெரியாது. நேரான ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வலது ஓரத்தில் ஒரு வண்டியின் கதவு முளைக்கும், அடுத்த நொடி அதன் பின்பக்கம் தெரியும். அவ்வளவுதான் பதிவு. அந்த வண்டி எவ்வளவு நேரம் பின்னால் வந்தது, ஹாரன் அடித்து நெருக்கியதா, எதிரே வண்டி வருவது தெரிந்தும் நுழைந்ததா என்பதெல்லாம் அதில் இருக்காது.

கேள்வி கேட்க வேண்டிய இடமே அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்குப் புறம்பாக ஓவர்டேக் செய்வதும் அதற்குள் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் முறை என்றால் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை நிரூபிக்க ஓவர்டேக் முழுவதும் தெரிய வேண்டும். சீட்டுக் கம்பியில் மாட்டிய கேமராவில் அது ஆரம்பத்திலிருந்து விழுகிறது. ஏற்றத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நாம் பத்து கிலோமீட்டரிலும் பின்னால் வரும் வேன் முப்பதிலும் போனால், வேன் நம்மை நெருங்குவது நொடிக்கு ஐந்தரை மீட்டர் வீதம். நொடிக்கு முப்பது படம் பிடிக்கும் கேமராவுக்கு நம்பர் பிளேட்டைப் படிக்க அது போதும்.

பின்பக்கக் கேமராவிலும் இரண்டு வகை. வெறும் கேமராவும் விளக்கும் சேர்ந்தது ஒன்று. ரேடாரும் சேர்ந்தது இன்னொன்று. கார்மின் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த வேரியா ஆர்.சி.டி. 715 இரண்டாவது வகை. 140 மீட்டர் தூரத்தில் வண்டி வரும்போதே ஹேண்டில்பாரில் இருக்கும் திரைக்கோ போனுக்கோ தகவல் வந்துவிடும். அமெரிக்காவில் 400 டாலருக்கு அறிமுகமானது, நம் கைக்கு வரும்போது இன்னும் கூடும். மலையில் ரேடார் கொஞ்சம் ஏமாற்றும், வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வண்டி அதற்குத் தெரியாது. காது நன்றாகக் கேட்கிறவருக்கு ஏற்றத்தில் அந்தக் கூடுதல் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து.

குறையும் இருக்கிறது. மார்கழிப் பனியிலும் இருட்டிலும் பின்னால் வரும் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாக அழிந்துவிடும். மழையில் பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறு லென்ஸை மூடும். வண்டி தாண்டிப் போன பிறகு என்ன ஆனது என்பதும் தெரியாது.

ஹேண்டில்பார் கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பின்பக்கக் கேமரா விட்டதை இது பிடிக்கும். தாண்டிப் போகும் வண்டியின் பின் நம்பர் இதில்தான் தெளிவாக விழும், ஹெட்லைட் தொல்லையும் இல்லை. ரோடு மோசமாக இருந்தால் படம் அதிரும், இறக்கத்தில் இன்னும் மோசம். ஆனால் தலையோடு திரும்பாமல் சைக்கிளில் ஒரே இடத்தில் இருப்பதால் இடைவெளியை அளக்க இதை விட்டால் வேறில்லை. அகலமான லென்ஸில் எல்லாமே தள்ளி இருப்பது போலத்தான் தெரியும். இரண்டடியில் போன கார் நாலடி தள்ளிப் போனது போல இருக்கும், பார்க்கிற போலீஸ்காரரும் அப்படித்தான் சொல்வார். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பார் முனையிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்தில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு எந்தப் பதிவையும் அந்தக் கோடுகளோடு ஒப்பிட்டுக் காட்டலாம். ஒன்றரை மீட்டர் கணக்கு பிரிட்டனிலிருந்து வந்தது. மணிக்கு 30 மைல் வேகம் வரை சைக்கிளைத் தாண்டும் வண்டி குறைந்தது அவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று 2022 ஜனவரியில் அவர்களுடைய சாலை விதிப் புத்தகத்தில் சேர்த்தார்கள்.

இப்போது ஹெல்மெட். சேலம் டவுனில் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டுகிறவருக்கு ஆபத்து எந்தத் திசையிலிருந்தும் வரும். திடீரென்று திறக்கும் கார் கதவு, ராங் சைடில் வரும் மொபெட், இடதுபக்கம் நுழையும் ஷேர் ஆட்டோ. தலை திரும்பும் பக்கமெல்லாம் ஹெல்மெட் கேமராவும் திரும்பும். சிக்னலில் பக்கத்துக் காரின் ஜன்னலுக்குள் போன் கையில் இருப்பதை வேறு எந்தக் கேமராவும் காட்டாது. ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதும் அதே 184இல் வருகிறது. லண்டனில் மைக் வான் எர்ப் என்ற சைக்கிள்காரர் பெயர் பெற்றதே இந்த வகைப் பதிவுகளால்தான். சினிமா இயக்குநர் கை ரிட்சி காரை ஓட்டிக்கொண்டே போனில் மெசேஜ் அனுப்பியதை அவர் படம் பிடித்துப் போலீஸிடம் கொடுத்தார். 2020இல் ரிட்சிக்கு ஆறு மாதம் வண்டி ஓட்டத் தடை வந்தது. இன்னொரு வசதி குரல். நம்பரைக் கண்ணால் பார்த்ததும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், படம் மங்கினாலும் ஒலி இருக்கும்.

ஆனால் முழு அளவு ஆக்‌ஷன் கேமரா 150 கிராம் இருக்கும், சைக்கிள் ஹெல்மெட்டே 300 கிராம்தான். 20 வளைவு ஏறி முடிப்பதற்குள் கழுத்து சொல்லிவிடும். அதைவிட முக்கியம், ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று கொடுப்பது கேமரா இல்லாமல்தான். கீழே விழுந்தால் அந்தக் கட்டியான பொருள் நுரையில் எப்படி அழுத்தும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்டில் கேமரா வைத்து பைக் ஓட்டினால் நடவடிக்கை என்று அறிவித்தது இந்தப் பயத்தில்தான். அது பைக்குக்கான உத்தரவு. இருந்தாலும் விழும் தலை ஒன்றுதானே. மாட்டுவதென்றால் 35 கிராம் எடையில் வரும் சின்னக் கேமராவாகப் பாருங்கள். ஸ்க்ரூ போட்டு இறுக்காமல், இடித்தால் கழன்றுவிடும்படி ஒட்டுங்கள்.

கார்காரர்கள் சொல்லும் ஒரு குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. "உங்களுக்கு நம்பரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது. சிக்னலைத் தாண்டுகிறீர்கள், ராங் சைடில் வருகிறீர்கள். எங்களை மட்டும் படம் பிடிப்பீர்களா?" நியாயமான கேள்விதான். ஹெல்மெட் கேமராவில் இதற்குப் பதில் இருக்கிறது. நாம் திரும்பிப் பார்த்தோமா, சிவப்பு விழுந்த பிறகு போனோமா என்பதும் அதே பதிவில் இருக்கும். அதை வெட்டிவிட்டு மீதியைக் கொடுப்பவருக்குப் புகார் கொடுக்கும் தகுதி இல்லை. நல்ல ஓட்டுநரையும் கேமரா காட்டத்தான் செய்கிறது. நண்பர் ஒருவரின் பின்பக்கப் பதிவில் ஒரு பஸ் இரண்டு வளைவு வரை முதல் கியரிலேயே பின்னால் வருகிறது. ஹாரன் இல்லை. ரோடு விரிந்ததும் ஒரு வண்டி அகலம் தள்ளித் தாண்டுகிறது, கண்டக்டர் படியில் நின்று கையைக் காட்டிவிட்டுப் போகிறார். அந்தப் பதிவையும் அந்தப் பஸ்காரர்களுக்கு அனுப்பி வைத்தார் நண்பர். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும்.

பதிவை எங்கே கொடுப்பது என்பதிலும் இரண்டு வழி இருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைக்கே ஆயிரம் பேர் திட்டுவார்கள், ஓட்டியவர் யார் என்று மட்டும் தெரியாது. வண்டி ஒருவருடையது, ஓட்டியவர் சம்பளத்துக்கு வந்தவராக இருக்கலாம். திட்டு விழுவது உரிமையாளர் வீட்டுக்கு. போலீஸ் கேட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆவது பிரிவின்படி உரிமையாளர் ஓட்டியவரின் விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும், நாம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மெமரி கார்டில் இருக்கும் அசல் கோப்பைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் போய் வந்த வீடியோ சுருங்கிவிடும், தேதி விவரமும் போய்விடும். வழக்கு என்று வந்தால் நகலோடு 2023ஆம் வருட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றும் கேட்பார்கள், அதில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பை மாற்றினால் தானும் மாறிவிடும் அடையாள எண்) எழுத வேண்டும். கேமராவின் கடிகாரம் தப்பாக ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். கிளம்பும்போது அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேலத்தில் சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலானவர்களிடம் கேமரா இல்லை, இருக்கப்போவதும் இல்லை. அம்மாப்பேட்டைத் தறிப்பட்டறைக்குப் போகிறவர், கன்னங்குறிச்சியில் விடிகாலையில் பால் ஊற்றுகிறவர், அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் பெண்பிள்ளை. நம்மை உரசிப் போன அதே வேன் ஐந்து நிமிடம் கழித்து அவர்களையும் உரசும். அவர்கள் புகார் கொடுக்க நேரமும் இல்லை, படமும் இல்லை. முப்பதாயிரம் ரூபாய் போட்டுக் கேமரா வாங்க முடிந்தவர் கொடுக்கும் ஒரு மனு அவர்களுக்கும் சேர்த்துத்தான். பெங்களூருவில் போக்குவரத்துப் போலீஸின் செயலியில் பொதுமக்கள் படத்தோடு புகார் அனுப்பலாம். மலைப்பாதைக்காவது அப்படி ஒன்று இங்கேயும் வர வேண்டும் என்று காவல்துறையிடம் சைக்கிள் குழுக்கள் சேர்ந்து கேட்கலாம்.

ஒரு கேமராவுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால், மலைக்குப் போகிறவர் பின்பக்கக் கேமராவை வாங்கி, மிச்சத்தில் ஹேண்டில்பாருக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். 64 ஜி.பி. கார்டு 4கே தரத்தில் சீக்கிரமே நிரம்பிவிடும். 1080 தரமும் லூப் பதிவும் (கார்டு நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது) வைத்தால், ஏறி இறங்கி வீடு வரும் வரை இடம் இருக்கும்.