லெப்பா, எஸ்எல்சியா?

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். போன ஞாயிறு எம்எஸ்சி மாணவர்களோடு பேருந்தில் போனபோது, ஒவ்வொரு வளைவிலும் வண்டி திணறுவதைப் பார்த்து ஒரு மாணவி, "எலக்ட்ரானும் இப்படித்தானே சார்?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான்.

துகள் முடுக்கியில் வளைந்து ஓடும் எலக்ட்ரான் ஆற்றலை ஒளியாகக் கொட்டிவிடும். ஆற்றல் இரட்டித்தால், அதே வளைவில் இழப்பு 16 மடங்கு. அதனால்தான் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம், எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிடும் லெப் முடுக்கியை 27 கிலோமீட்டர் வளையமாகக் கட்டியது. அதே வேலையைச் செய்த ஸ்டான்ஃபோர்டின் எஸ்எல்சியோ 3 கிலோமீட்டர் நேர்ப்பாதை, கடைசியில் இரண்டு வளைவு, ஒரே மோதல், அவ்வளவுதான்.

இரண்டுமே 1989இல், வலுவற்ற அணுக்கரு விசையைச் சுமக்கும் இசட் போசான் துகள்களை உருவாக்கத் தொடங்கின. எண்ணிக்கையில் போட்டியே இல்லை: லெப்பின் மோதல்களைப் பதிவுசெய்த நான்கு கருவிகளுக்கும் சேர்த்து 1.7 கோடி, எஸ்எல்சியில் இருந்த எஸ்எல்டி கருவிக்குச் சுமார் 6 லட்சம்.

ஆனாலும் என் மனசு எஸ்எல்டி பக்கம்தான். அங்கே எலக்ட்ரானின் தற்சுழற்சியை இடமாகவோ வலமாகவோ திருப்பி அனுப்ப முடிந்தது. இடத்துக்கு எத்தனை இசட், வலத்துக்கு எத்தனை என்று எண்ணினால் போதும், மின்காந்த விசையும் வலுவற்ற விசையும் எந்த அளவில் கலக்கின்றன என்று சொல்லும் வெய்ன்பெர்க் கோணம் கிடைத்துவிடும். கருவியின் குறைகள் இரு பக்கமும் ஒரே மாதிரி விழுவதால் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். எவ்வளவு அழகான யோசனை!

லெப் அதே கோணத்தை, இசட் சிதைந்து வரும் பாட்டம் குவார்க் என்ற துகள் வழியாகவும் தேடியது. எலக்ட்ரான் வந்த போக்கில் குவார்க் முன்னே அதிகம் போகிறதா, பின்னேயா? அதற்கு முதலில் பாட்டம் குவார்க்கை அடையாளம் காண வேண்டும். அதைச் சுமக்கும் துகள் வாழ்வது நொடியின் லட்சம் கோடியில் ஒன்றரைப் பங்கு. ஓடுவது சில மில்லிமீட்டர். அப்புறம், வந்தது குவார்க்கா, எதிர்க்குவார்க்கா என்றும் பிரிக்க வேண்டும். கடினமான வேலை, ஆனால் அத்தனை கோடித் தரவு இருந்ததால் முடிந்தது. (அந்தச் சில மில்லிமீட்டரைப் பார்ப்பதிலும் எஸ்எல்டி கெட்டிதான். கற்றை மிக மெல்லியது என்பதால் 30 கோடிப் படப்புள்ளிகள் கொண்ட சிசிடி உணரியை மோதல் புள்ளிக்கு மிக அருகில் வைக்க முடிந்தது.)

முடிவுதான் வினோதம். அந்தக் கோணத்தின் சைன் வர்க்கம் எஸ்எல்டி கணக்கில் 0.23098, லெப்பின் பாட்டம் குவார்க் கணக்கில் 0.23221. இடைவெளி மூன்று சிக்மாவுக்கும் மேல், அதாவது வெறும் தற்செயலாக நேரும் வாய்ப்பு மிகக் குறைவு. கோட்பாட்டின்படி இந்த எண், மற்ற துகள்களுக்கு நிறை தரும் புலத்தின் துகளான ஹிக்ஸின் எடையையும் சார்ந்தது. முதல் எண் எடை குறைந்த ஹிக்ஸைக் காட்டியது, இரண்டாவது எடை மிகுந்ததை. 2012இல் ஹிக்ஸ் 125 ஜிஇவி (துகள் எடையின் அலகு) எடையில் கிடைத்தபின், கோட்பாடு சொல்லும் எண் 0.2315. இரண்டுக்கும் நடுவில்.

"அப்போ யார் சார் தப்பு?" என்று அந்த மாணவி கேட்டாள். எஸ்எல்சி 1998இல் நின்றது, லெப் 2000இல். இந்த இடைவெளியை விளக்கும் பிழை இரண்டில் எதிலுமே இதுவரை பிடிபடவில்லை.