காளான் பை நிரப்பும் மெஷின்: ராமநாதபுரம் கரையோரத்துக்கு எது சரி?

"அண்ணே, மணிக்கு 600 பை போடுற மெஷின் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். அட்வான்ஸ் குடுத்துரவா?"

உச்சிப்புளிப் பக்கம் சிப்பிக் காளான் போடும் தம்பி ஒருவர் போனில் கேட்டது. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ஒரு ஈட்டுக்கு எத்தனை பெட்டுக்கு வைக்கல் அவிக்க முடியும் உன்னால?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டு டிரம்முதாண்ணே. இருபது பெட்டுக்குக் காணும்."

மணிக்கு 600 என்றால் நிமிடத்துக்குப் பத்து. இருபது பெட்டுக்கான, அதாவது காளான் வளரும் இருபது பைக்கான சரக்கை அந்த மெஷின் இரண்டே நிமிடத்தில் தள்ளிவிடும். அடுத்த ஈடு வெந்து, வடிந்து, ஆறி வரும்வரை அது சும்மா நிற்கும். அவருடைய கொட்டகையில் வேலை தேங்குவது பை நிரப்பும் இடத்தில் இல்லை, அடுப்பில். இந்தக் கணக்கைப் போடாமல் பணத்தைக் கட்டியவர்களை நம் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் கைவேலை முதல் முழுத் தானியங்கி வரை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் சரக்கு, பிறகு மெஷின்

காளான் பை போடுவதில் இரண்டு வழி இருக்கிறது. மெஷின் விற்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

வைக்கோல் வழி நமக்குப் பழக்கமானது. வைக்கோலைச் சிறு துண்டாக நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, அவித்து, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்துக்கு ஆறவைத்து, 60-க்கு 30 செ.மீ. பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரமாக வித்து (சோளத்தில் வளர்த்த காளான் இழை), மறுபடி வைக்கோல் என்று அடுக்குவது. இங்கே பை நிரப்புவதும் வித்துப் போடுவதும் ஒரே வேலை.

மரத்தூள் வழி வேறு. தூளும் தவிடும் கலந்து ஈரப்படுத்தி, வெப்பம் தாங்கும் பி.பி. பையில் இறுக்கி, கழுத்து வளையமும் பஞ்சும் வைத்து, அதற்குப் பிறகு பையோடு அவிப்பது. ஆட்டோகிளேவ் எனும் அழுத்த ஆவிக் கலன் என்றால் 121 டிகிரி. ஆறிய பிறகு சுத்தமான அறையில் வித்து. பை நிரப்புவது ஒரு வேலை, வித்துப் போடுவது இன்னொரு வேலை.

சந்தையில் கிடைக்கும் மெஷின்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது வழிக்காகப் பிறந்தவை. அடுக்கடுக்காக வித்து வைக்க அவற்றுக்குத் தெரியாது. "வித்தை வைக்கோலோடு கலந்து போட்டுவிடுங்கள்" என்று சொல்வார்கள். மெஷினுக்குள் திருகாணி மாதிரி சுழலும் ஸ்க்ரூ தண்டு அந்த சோள வித்தை நசுக்கும், நசுங்கிய வித்தில் பச்சைப் பூசணம் முதலில் குடியேறும்.

நம்மிடம் எது இருக்கிறது? திருவாடானை, ராஜசிங்கமங்கலம் பக்கம் புழுதி விதைப்பில் வரும் நெல் தை, மாசியில் அறுவடையாகிறது. வைக்கோல் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது. மரத்தூள் வேண்டுமென்றால் மரவாடிதான். அங்கே வேம்பு, தேக்கு, கப்பலில் வந்த மரம் என்று எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். எல்லாத் தூளிலும் காளான் இழை ஒரே மாதிரி ஓடாது. ஆக இந்த மாவட்டத்தில் மலிவாகவும் நம்பகமாகவும் கிடைப்பது வைக்கோல்; விற்க வருகிற மெஷினோ மரத்தூளுக்கானது. இந்த முரண்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கைவேலை

கையால் பை போடுவதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். நேரம் எங்கே போகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து கவனியுங்கள். அரிவாளால் வைக்கோல் நறுக்குவதிலும், பை வாயைக் கட்டுவதிலும், ஒரே அளவாக அமுக்குவதிலும்தான் பெரும்பொழுது போகும்.

மாட்டுத் தீவனம் வெட்டும் சாஃப் கட்டர் ஒன்று முதல் சிக்கலைத் தீர்த்துவிடும். மூன்றாவதுக்கு ஒரு துண்டு பி.வி.சி. குழாய் போதும். 30 செ.மீ. அகலப் பையை விரித்தால் குறுக்களவு 19 செ.மீ. வரும். 160 அல்லது 180 மி.மீ. குழாயைப் பை உயரத்துக்கு வெட்டி, பையை அதன் மேல் மாட்டி, குழாய்க்குள் அடுக்கி, மரக்கட்டையால் மெதுவாக அமுக்கிக்கொண்டே குழாயை மேலே இழுத்தால், ஒவ்வொரு பெட்டும் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். சில நூறு ரூபாய்ச் செலவு.

பால் காளான் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வித்து ஓடி முடிந்ததும் பெட்டைக் குறுக்காக இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் ஒன்றிரண்டு செ.மீ. மேற்பூச்சு மண் போடுகிறோம். உள்ளே தொளதொளவென்று இருந்தால் அந்த முகம் சமமாக நிற்காது. மண் உள்ளே இறங்கும், தண்ணீர் ஒரு பக்கம் தேங்கும்.

கைவேலையின் உண்மையான பலவீனம் ஆள். கரையோர ஊர்களில் பெண்கள் பாசி எடுக்கப் போகும் நாள்களில் கொட்டகைக்கு வர மாட்டார்கள். அவர்களுக்குக் கடலில் கிடைப்பது அதிகம், போகத்தான் வேண்டும். அவித்த வைக்கோல் அவர்களுக்காகக் காத்திருக்காது. அந்த நாள்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவியலை வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

ஸ்க்ரூ மெஷின்

சரக்கைக் கொட்டும் ஹாப்பர், உள்ளே திருகாணி மாதிரி ஒரு தண்டு, முன்னால் ஒரு குழாய், குழாயில் பையை மாட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு ஆள். இவ்வளவுதான். சிறியவை வீட்டு மின்சாரத்திலேயே ஓடும், பெரியவைக்கு த்ரீ பேஸ் வேண்டும். விலை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, குழாயை மாற்றினால் வேறு அளவுப் பையும் போடலாம் என்பது. பிடிக்காதது, பையின் இறுக்கம் பிடிக்கிறவர் கையைப் பொறுத்தது. காலையில் இறுகிய பை, கை ஓய்ந்த பிற்பகலில் தளர்ந்து வரும். மிக இறுகினால் காற்றில்லாமல் இழை மெதுவாக ஓடும், தளர்ந்தால் இடைவெளி விழும்.

வைக்கோலுக்கு இதைப் பயன்படுத்த முடியுமா என்றால், இரண்டு செ.மீ.க்குள் நறுக்கி, அகலமான தண்டுள்ள மெஷினாக இருந்தால் ஓரளவு முடியும். மரத்தூளுக்கான சிறிய தண்டில் நீள வைக்கோல் போனால் சுற்றிக்கொள்ளும். திருப்புல்லாணிப் பக்கம் ஒரு கொட்டகையில், பத்துப் பைக்கு ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கத்தியால் தண்டைச் சுரண்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். விற்றவர் "எல்லாச் சரக்கும் போகும்" என்றுதான் சொல்லியிருந்தாராம். வைக்கோலை நசுக்கித் தள்ளினாலும் வித்தை அதில் போட முடியாது. பி.பி. பையில் நிரப்பி, பையோடு அவித்து, பிறகுதான் வித்து. அதாவது மெஷினோடு சேர்த்து உங்கள் முறையையே மாற்ற வேண்டும். அவிக்கும் பாத்திரமும் வித்துப் போடும் அறையும் கூடவே வரும்.

ஆனால் ஒரு பெரிய நன்மை நம் கரைக்கே உரியது. தண்டு, பேரிங், புல்லி, பெல்ட் இவை மண்டபம், ராமேஸ்வரம் பட்டறைக்காரர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. விசைப்படகின் காற்றாடித் (புரொப்பெல்லர்) தண்டை நேராக்குகிறவர் இந்தத் திருகுத் தண்டைப் பார்த்து மலைக்க மாட்டார். களத்து மணலோடு வரும் வைக்கோலால் திருகின் விளிம்பு தேய்ந்தாலும் வெல்டிங் ஏற்றி, கடைந்து கொடுத்துவிடுவார்.

பிரஸ் மெஷின்

சுழலும் தட்டில் வரிசையாகக் குழாய்கள். ஒன்றில் தூள் விழும், அடுத்ததில் மேலிருந்து அமுக்கும், நடுவில் ஒரு கம்பி வித்துக்கான துளையையும் போட்டுவிடும். 17-க்கு 33 செ.மீ. அளவு சிறு பைகளுக்கு இதுதான் சிறந்தது என்று தயங்காமல் சொல்வேன். ஒவ்வொரு பையும் ஒரே எடை, ஒரே இறுக்கம். அதனால் ஆவி எல்லாப் பைக்கும் ஒரே மாதிரி ஏறும், இழையும் ஏறக்குறைய ஒரே நாளில் ஓடி முடியும். அறையைத் திட்டமிட்டுக் காலிசெய்ய முடியும்.

சலித்த தூள்தான் வேண்டும். ஒரு சிராய் உள்ளே போனால் பையில் ஊசித்துளை விழும்; சீமைக் கருவேலத் தூளில் முள் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளை பத்து நாள் கழித்துப் பச்சையாகத் தெரியும். வைக்கோலுக்கு இந்த மெஷின் ஆகவே ஆகாது.

முழுத் தானியங்கி

பையைக் காற்றால் உறிஞ்சித் திறந்து, நிரப்பி, அமுக்கி, வாய் மூடி வெளியே தள்ளுவது. நாளுக்கு ஆயிரக்கணக்கில் பை போடுகிறவர்களுக்கு, பெரிய பாய்லரும் குளிர்ந்த வித்து அறையும் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். விலை பல லட்சம்.

நம் கரையில் இதற்கு ஒரு தனிச் சோதனை இருக்கிறது. இதன் கைகால் எல்லாம் கம்ப்ரசர் காற்றில் அசைபவை. கடல் ஈரக்காற்றை உறிஞ்சும் கம்ப்ரசர் அந்த ஈரத்தைக் குழாய்க்குள் தண்ணீராக விடும், வால்வுகள் இறுகிக்கொள்ளும். காற்றை உலர்த்தும் கருவி கூடவே வைக்காவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது. எலக்ட்ரானிக் போர்டு போனால் வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டும். ஈரப்படுத்திக் கலந்த தூள் நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். மறுநாள் ஆள் வந்து மெஷினைச் சரிசெய்தாலும் சரக்கு குப்பைக்குத்தான்.

ஒரு தனி விவசாயி இதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று வாங்கி, வித்து ஓடிய பையாகவே உறுப்பினர்களுக்குக் கொடுத்தால் கதை வேறு. அவிப்பதும் வித்துப் போடுவதும் ஓரிடத்தில் நடக்கும், வீட்டில் தண்ணீர் தெளித்துப் பறிப்பது மட்டும். அப்படி ஒன்று இந்த மாவட்டத்துக்கு வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

உப்பு

எந்த மெஷினாக இருந்தாலும் இந்தப் பகுதியில் அதன் ஆயுளை உப்புதான் முடிவு செய்யும். "எஸ்.எஸ்." (துருப்பிடிக்காத எஃகு) என்று சொன்னால் நம்பி விடாதீர்கள். 202 என்ற மலிவு ரகம் கடற்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். குறைந்தது 304 வேண்டும். மாலிப்டினம் கலந்த 316 இன்னும் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டுவார்கள். தகடாக இருக்கும்போது 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

உவர்ப்பு போர் தண்ணீரில் மெஷினைக் கழுவுவது கழுவாமல் விடுவதைவிடக் கெடுதல். காய்ந்ததும் உப்பு மடிப்புகளில் தங்கிவிடும். காவிரிக் குடிநீரோ, பிடித்துவைத்த மழைநீரோ கடைசி அலசலுக்கு ஒரு வாளியாவது ஒதுக்குங்கள்.

அதே தண்ணீர்தான் வைக்கோலிலும் ஏறுகிறது. ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் 65 சதவீத ஈரத்தில் ஏறத்தாழ 2.85 கிலோ ஆகும். 100 பெட்டுக்கு, பெட்டுக்கு ஒரு கிலோ வீதம், 185 லிட்டர் தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. மெஷின் பார்க்கக் கிளம்பும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். கடலோர உவர் நிலத்துக்கென்றே வேளாண் பல்கலைக்கழகம் ராமநாதபுரத்தில் ஒரு ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. போய்க் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்படியானால் எது?

நாளுக்கு நூறு பெட்டுக்குள் வைக்கோலில் போடுகிறவர் சாஃப் கட்டர், குழாய் அச்சு, கூடுதலாக ஒரு அவிக்கும் கலன் இவற்றோடு நிற்கலாம். ஒரே ரகத் தூள் தடையில்லாமல் கிடைத்து, ஒரு ஈட்டுக்கு 200 பைக்கு மேல் அவிக்க வசதியிருந்தால் ஸ்க்ரூ மெஷின். அதிலேயே சிறு பை மட்டும், வருடம் முழுக்க என்றால் பிரஸ்.

எங்கே வைப்பது என்பதும் கேள்விதான். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் சோழகம் எனும் தென்காற்றுக்கும் முதுகு காட்டி அறை கட்டுங்கள்.

இன்னொன்று, நாள்காட்டி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் விலை ஏறும் அந்த 61 நாளும் காளானுக்கு நல்ல சந்தை. சிப்பி வெயிலில் திணறும், ஆனால் 30 முதல் 35 டிகிரியில் தழைக்கும் பால் காளான் அப்போதுதான் கைகொடுக்கும். வித்து ஓட, மண் போட, மொட்டு வர என்று ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே மாசியில் வந்த வைக்கோலில் மார்ச் மாதம் பெட் போட்டாக வேண்டும். வருடத்தில் பை நிரப்பும் வேகம் உண்மையிலேயே தேவைப்படுவது அந்த நாலு வாரம். தடை தொடங்கியதும் விசைப்படகெல்லாம் கரையேறும், பட்டறைக்காரர்களுக்கு நிமிர நேரமிருக்காது. மெஷினில் தண்டு தேய்ந்திருந்தால் பிப்ரவரியிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

தம்பி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அவர் இப்போது கூடுதலாக இரண்டு டிரம்மும் ஒரு சாஃப் கட்டரும் வாங்கியிருக்கிறார். அடுத்த அறுவடை முடிந்ததும் ஸ்க்ரூ மெஷின் பார்க்கப் போகிறோம். நான் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: நனைத்த நம் சொந்தச் சரக்கு இரண்டு சாக்கு வண்டியில் ஏற வேண்டும். அதைப் போட்டு முழுசாக ஒரு மணி நேரம் ஓட்டி, கட்டி முடித்த பைகளை மட்டும் எண்ணுவோம்.