ஜிஞ்சா: சொந்த ஃபில்டர் எழுதுவது சுலபம், சத்தமில்லாமல் கெடுவதுதான் தொல்லை

ஜிஞ்சா என்பது பக்கங்களின் அச்சுகளில் (டெம்ப்ளேட்) மதிப்புகளை நிரப்பித் தரும் பைத்தான் கருவி; ஒரு மதிப்பைக் காட்டும் முன் மாற்றித் தருவது ஃபில்டர். அதை எழுத ஒரு ஃபங்ஷன் போதும். அதை என்விரான்மென்ட்டின் (ஜிஞ்சாவின் அமைப்புகளை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) ஃபில்டர்ஸ் டிக்ஷனரியில் ஒரு பெயரில் போட்டால் வேலை முடிந்தது. ஃபிளாஸ்க் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் அதற்கு டெகரேட்டரே (ஃபங்ஷனுக்கு மேல் எழுதும் குறி) உண்டு. ஜாங்கோ என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கின் டெம்ப்ளேட்டில், ஃபில்டருக்கு மதிப்பைத் தவிர ஒரே ஒரு ஆர்க்யுமென்ட்தான் தரலாம். தாய் டெம்ப்ளேட்டில் லோட் செய்த ஃபில்டர், அதை நீட்டிக்கும் பிள்ளை டெம்ப்ளேட்டுக்கு வராது. ஜிஞ்சாவில் இந்தக் கட்டுகள் இல்லை.

பதிவாகாத பெயரை எழுதினால், பொதுவாகக் கம்பைல் ஆகும்போதே எர்ரர் வந்து நிற்கும். எழுத்துப்பிழை இல்லையென்றால், பதிவு செய்த என்விரான்மென்ட்டும் ரெண்டர் செய்யும் என்விரான்மென்ட்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். முதல் டெம்ப்ளேட் லோட் ஆகும் முன்பே பதிவை முடித்துவிட வேண்டும். ஃபில்டருக்குள் பிழை என்றால், டிரேஸ்பேக்கில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) டெம்ப்ளேட்டின் அசல் வரி எண்ணே வருகிறது. இதற்குத் தனிப் பாராட்டு.

எர்ரரே வராத கோளாறுகள்தான் நேரத்தைத் தின்னும். தேதி வடிவத்தை டெம்ப்ளேட்டிலேயே மேற்கோளுக்குள் எழுதி, தற்போதைய நேரத்தைத் தரும் ஃபில்டருக்கு அனுப்பிப் பாருங்கள். பக்கத்தை எத்தனை முறை புதுப்பித்தாலும் அதே நேரம்தான் நிற்கும். சர்வரை மறுபடி தொடங்கினால் மாறும். கேஷ் பிழை என்று தேடி அலைய வேண்டாம். உள்ளீடு மாறிலி என்பதால் ஜிஞ்சா கம்பைல் ஆகும்போதே ஃபில்டரை ஓட்டி, விடையைப் பதித்துவிடுகிறது. கூடவே வரும் ரேண்டம் ஃபில்டரே முன்பு இந்தக் குழியில் விழுந்து திருத்தப்பட்டதுதான். தீர்வு: பாஸ்_கான்டெக்ஸ்ட் டெகரேட்டரைப் போட்டு, முதல் ஆர்க்யுமென்ட்டாகக் கான்டெக்ஸ்டை (டெம்ப்ளேட்டுக்கு அப்போது கிடைக்கும் மாறிகளின் தொகுப்பு) வாங்குங்கள்; அப்போது ஃபில்டர் ஒவ்வொரு முறையும் ஓடும். பழைய பாடங்களில் இருக்கும் கான்டெக்ஸ்ட்ஃபில்டர் என்ற பெயர் 2022இல் வந்த 3.1 பதிப்பில் நீக்கப்பட்டது, இம்போர்ட்டிலேயே உடையும்.

இல்லாத மாறியை அனுப்பினால் ஃபில்டருக்கு வருவது பைத்தானின் நன் (None) அல்ல, ஜிஞ்சாவின் அன்டிஃபைன்ட் ஆப்ஜெக்ட். 'None-ஆ' என்று மட்டும் சோதிக்கும் கோடு அதைத் தாண்டிப் போய்விடும். அது எழுத்தாக மாறும்போது வெற்றிடம்தான் மிஞ்சும். சோதனைச் சூழலில், இல்லாத மாறியைப் பயன்படுத்தினால் எர்ரர் தரும் ஸ்ட்ரிக்ட்அன்டிஃபைன்டை வையுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

கூட்டலில் ஃபில்டர் போட்டால் அது கடைசி மதிப்பை மட்டுமே பிடிக்கும்; முழுத்தொகைக்கும் வேண்டுமானால் அடைப்புக்குறி கட்டாயம்.

ஆட்டோஎஸ்கேப் (ஹெச்டிஎம்எல் குறிகளைத் தானாகவே வெறும் எழுத்தாக்கும் வசதி) இருக்கும் இடத்தில் ஹெச்டிஎம்எல் திருப்பித் தரும் ஃபில்டரின் டேக், திரையில் வெறும் எழுத்தாகவே தெரியும். உடனே டெம்ப்ளேட்டில், எஸ்கேப் செய்யாதே என்று சொல்லும் சேஃப் ஃபில்டரைப் போடுகிறார்கள். அது பயனர் அனுப்பிய ஸ்கிரிப்ட்டையும் சேர்த்தே உள்ளே விடும். ஃபில்டருக்குள்ளேயே, ஜிஞ்சா பயன்படுத்தும் மார்க்கப்சேஃப் லைப்ரரியின் மார்க்கப்பில் டேக்கை மட்டும் வைத்து, மதிப்பை அதன் ஃபார்மேட் வழியாகச் செருகுங்கள். அது மதிப்பை எஸ்கேப் செய்துவிடும். மார்க்கப்புக்குள் எஃப்-ஸ்ட்ரிங் (மதிப்பை நேரடியாக எழுத்துக்குள் கலக்கும் பைத்தான் வடிவம்) எழுதினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது, ஏனென்றால் மார்க்கப் பார்ப்பதற்குள் மதிப்பு கலந்துவிட்டிருக்கும்.