இறப்புப் பதிவுச் சேவை: டர்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்க உள்துறையின் இறப்புப் பதிவுச் சேவையை, டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நம் தமிழர் பெரும்பாலும் ஈமச்சடங்கு நிறுவனத்தார் வழியாகவே அறிவர். துக்க வீட்டில் யாரும் படிவத்தைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. ஆயினும் கோவிட் காலத்தில் அந்தப் பதிவேடு ஆற்றிய பணியை எண்ணும்போது, இந்நாட்டின் அரசுச் சேவைகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு தொடங்கியபோது, பிறப்புப் பதிவைக்கூட நிறுத்திவைத்த அலுவலகங்கள் இறப்புப் பதிவுக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தன. மரணத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும், அடக்க ஆணை இல்லாமல் உடலைப் புதைக்கவோ எரிக்கவோ இயலாது என்பதும் இங்குள்ள விதிகள். தகனத்தைத் தள்ளிப்போட மனம் வராத நம் குடும்பங்களுக்கு அந்தத் திறந்த கதவு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மரணத்தைத் தெரிவிக்கும் டி.எச்.ஏ-1663 படிவத்தின் அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். மருத்துவர் எழுதும் மரணக் காரணம் தனிப் பக்கத்தில் மூடப்பட்டுப் புள்ளிவிவரத் துறைக்குச் செல்ல, குடும்பத்தார் கையில் கிடைக்கும் சுருக்கச் சான்றிதழில் காரணத்தைப் பற்றி, இயற்கை மரணமா அல்லவா என்பது மட்டுமே இருக்கும். நோயின் பெயரைக் கேட்டாலே அக்கம்பக்கத்தார் விலகி நின்ற அந்நாட்களில், இந்த மறைப்பு இறந்தவரின் மானத்தைக் காத்தது.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கேப்டவுன் பல்கலைக்கழகமும் உள்துறையின் மக்கள்தொகைப் பதிவேட்டில் ஏறிய மரணங்களை வாரந்தோறும் எண்ணி, வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தனர் என்று வெளியிட்டு வந்தன. அரசு கணக்கில் கோவிட் மரணங்கள் சுமார் 1,00,000 என்றிருக்க, அந்தக் கூடுதல் மரணங்களோ 3,00,000ஐத் தாண்டின. பரிசோதனை செய்துகொள்ளாமலே இறந்தவர்களையும் இந்தப் பதிவேடுதான் கணக்கில் கொண்டுவந்தது.

குறைகளும் உள்ளன. தேசிய அடையாள எண் இல்லாத குடியேறிகள் அந்த எண்ணிக்கைக்குள் நேரடியாக வருவதில்லை. மரணக் காரணங்களின் முழுப் புள்ளிவிவரம் ஆண்டுகள் கழித்தே வெளியாகிறது. தொற்றுக் காலத்துக்கு அந்த வேகம் போதாது. கணினித் தொடர்பு அறுந்தால் வரிசையும் நின்றுவிடுகிறது.

அலுவலகத்துக்குச் செல்வோர், இறந்தவரின் அடையாள எண்ணையும் குடும்பப் பெயரின் எழுத்துகளையும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் இறப்புச் சான்றிதழில் உள்ளதை வைத்தே பணத்தை விடுவிக்கின்றன.