எஸ்எம்ஹெச்ஏடி-1: ஒலிம்பிக் கமிட்டியின் மனநலக் கேள்வித்தாள் நடனப் போட்டியாளர்களுக்கு உதவுமா?

விளையாட்டு வீரர்களின் மனநலத்தை மதிப்பிட சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் பணிக்குழு 2020-ல் வெளியிட்ட கருவி எஸ்எம்ஹெச்ஏடி-1 (ஸ்போர்ட் மென்டல் ஹெல்த் அசெஸ்மென்ட் டூல்). இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) ஆடியவர்களுக்குப் பொருந்துமென்றால் மற்ற போட்டி நடனங்களுக்கும் பொருந்தத்தானே வேண்டும்? பொருந்துகிறது. ஆனால் நடனத்துக்கென்று ஓரிடத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

முதல் படியில் 10 கேள்விகள். கடந்த 30 நாட்கள் எப்படிப் போயின என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். கூட ஆடுபவர்களோடு இருக்கவே கஷ்டமாக இருந்ததா, எரிந்து விழுந்தீர்களா, காயத்தையும் ஆட்டத்தையும் நினைத்து ஓயாமல் கவலைப்பட்டீர்களா, அணித் தேர்வின் நெருக்கடியைத் தாங்கக் கஷ்டமாக இருந்ததா என்று சுற்றிவளைக்காமல் கேட்கிறது. மொத்தம் 17 அல்லது அதற்கு மேல் வந்தால் இரண்டாம் படி. அதில் ஆறு தனித் தாள்கள்: பதற்றத்துக்கு ஜிஏடி-7, மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, பிறகு தூக்கம், மது, போதைப்பொருள், உணவுப் பழக்கம். மூன்றாவது படி மருத்துவரின் நேரடிப் பரிசோதனை. என்ன பிரச்சினை என்று முடிவாவது அங்கேதான்.

17 என்ற எண்ணைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்தாலே 10 வந்துவிடும். மீதி ஏழு மதிப்பெண்தான். ஏழு கேள்விகளுக்கு 2 போட்டாலே அடுத்த படிக்குப் போய்விடுவோம். வலையை வேண்டுமென்றே அகலமாக விரித்திருக்கிறார்கள். 17 எடுத்தவருக்கு நோய் என்று அர்த்தமில்லை, இன்னும் கொஞ்சம் பேசிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய ஓட்டை உணவு விஷயத்தில் இருக்கிறது. முதல் 10 கேள்விகளில் சாப்பாட்டைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அது இரண்டாம் படியில்தான் வருகிறது. நடனத்திலோ உடலை ஒட்டிய உடை, நாள் முழுக்க எதிரே கண்ணாடி, தூக்கிச் சுழற்றும் ஜோடி, உருவத்தையும் பார்க்கும் நடுவர் என்று எல்லாமே சாப்பாட்டின் மீதுதான் போய் விழுகின்றன. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் ஒருவர் ஒத்திகைக்கு முதல் ஆளாக வருவார், உற்சாகமாக ஆடுவார், பரிசும் வாங்குவார். தாளில் 12 வரும், தேறிவிட்டார் என்று எடுத்து வைத்துவிடுவோம். மாதவிடாய் நின்றுபோவதும் எலும்பில் மெல்லிய விரிசல் திரும்பத் திரும்ப வருவதும் பிறகுதான் கண்ணில் படும். ஆகவே எங்கள் பரிந்துரை: முதல் படியில் எவ்வளவு வந்தாலும் சரி, உணவுப் பழக்கத் தாளை எல்லோருக்கும் கொடுங்கள்.

அடுத்தது, தாள் யார் கைக்குப் போகிறது என்பது. முன்வரிசையில் யார், தனி ஆட்டம் யாருக்கு என்று முடிவு செய்யும் ஆசிரியரே விடைகளையும் படிப்பார் என்று தெரிந்தால், மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் பத்து 1-கள் வரும். அப்படி வந்த தாள் நலமாக இருப்பதற்கு அத்தாட்சி அல்ல. இந்தக் கருவியே தகுதிபெற்ற மருத்துவர், உளவியலாளர் போன்றவர்கள் நடத்துவதற்காக உருவாக்கப்பட்டது. ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது, கூட்டல் தொகையும் அவருக்குப் போகக் கூடாது. இவர் இன்று ஆடலாமா, ஓய்வு தேவையா என்ற அளவுக்கு மட்டும் மருத்துவர் சொன்னால் போதும், அதுவும் ஆடுபவரின் சம்மதத்தோடு.

பிஎச்க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும். செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. மொத்தம் எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. அந்த ஒரு கட்டத்தில் 0, அதாவது ‘இல்லவே இல்லை’, தவிர எது இருந்தாலும் அன்றே, அவர் கிளம்புவதற்குள் பேச வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வாங்கிய தாள்களை திங்கட்கிழமை பிரிப்பதுதான் இதில் நடக்கக்கூடிய மிக மோசமான தவறு.

எப்போது கொடுப்பது? பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில் ஒருமுறை, சீசன் நடுவில், முடிவில். இவை தவிர காயம், அறுவை சிகிச்சை, ஜோடி பிரிந்துபோவது போன்ற சமயங்களிலும். போட்டி நெருங்கும்போது வேண்டாம். பதற்றத் தாளும் மனச்சோர்வுத் தாளும் கடந்த இரண்டு வாரத்தைக் கேட்பவை. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் யாருக்குத்தான் அமைதியாகப் போகும்? மேடைப் படபடப்புக்கு இதில் மருந்தும் இல்லை. அதற்கு முழு உடையில், நாலு பேர் முன்னால் முழு ஆட்டத்தையும் நிறுத்தாமல் ஆடிப் பழகுவது, மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் மெதுவாக்கி வெளிமூச்சை நீட்டுவது போன்ற பயிற்சிகளைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக இது தயாரிக்கப்படவில்லை. போட்டி நடனத்தில் சிறுவர் சிறுமியரும் நிறைய என்பதால் இது சின்னக் குறையல்ல. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எஸ்எம்ஹெச்ஆர்டி-1 என்று இன்னொரு தாள் கூடவே வருகிறது. அதில் மதிப்பெண் கிடையாது. கவனிக்க வேண்டிய மாற்றங்களின் பட்டியல்தான். நடைமுறையில் பயிற்சிக்கூடச் சுவரில் ஒட்ட வேண்டியது அதுதான்.

தாளை அச்சிடும் முன்பே, 17 அல்லது அதற்கு மேல் வருபவரை யாரிடம் அனுப்புவது என்ற பெயரும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும். அது இல்லாத பயிற்சிக்கூடம் இப்போதைக்கு இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.